வெளிநாட்டு உதவியில் கட்டிய தொழிற்பயிற்சி நிலையம்: சேருவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கிறேன். பயிற்சி நிலையங்களிலிருந்து தொழிலிடப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை என்னிடம் வைத்துப் பழக்குவேன். ஓ.எல். (சாதாரண தரப்) பரீட்சை எழுதிவிட்டு எங்கே சேரலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்.

வாசலில் எந்த நாட்டுக் கொடி போட்ட பலகை இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். வெளிநாட்டுக் காசு கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் தாராளமாக வரும். திட்டம் முடிந்த பிறகு வெல்டிங் குச்சிக்கும் எஞ்சின் ஒயிலுக்கும் யார் காசு கொடுப்பது? ஆசிரியருக்குச் சம்பளம் யார் தருவது? அலுவலகத்தில் நேரடியாகவே கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. ஜேர்மன் உதவியோடு 1959இல் தொடங்கிய பயிற்சி நிறுவனம் மொறட்டுவையில் இன்றும் நடக்கிறது, ஏனென்றால் அரசாங்கம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. எங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் ஜேர்மன் உதவியில் திறந்த நிறுவனமும் அரசாங்கத்தின் கீழ்தான் இருக்கிறது. இந்தப் பிடிமானம் இல்லாத ஓர் இடத்தில், ஓர் உதிரிப்பாகம் வாங்க வழியில்லாமல் நல்ல கடைசல் இயந்திரம் பொலித்தீன் போர்த்திக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அதில் பழக வந்த பிள்ளைகளை நினைத்தால் இன்னும் மனம் பொறுக்கவில்லை.

அடுத்தது சான்றிதழ். நிலையம் அரசின் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்கிறது என்பார்கள். அது போதாது. நீங்கள் படிக்கப்போகும் பாடநெறிக்கும் தனியாகத் தர அங்கீகாரம் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் முடிவில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். எத்தனையாம் மட்டம் என்றும் கேளுங்கள். 4 என்றால் தனியாக நின்று வேலை செய்யத் தெரிந்தவர் என்று அர்த்தம்; 5, 6 டிப்ளோமா. வெறும் ‘பங்குபற்றிய சான்றிதழ்’ என்றால், பாதி வருடத்தை அதற்குக் கொடுக்கலாமா என்று வீட்டில் இருந்து யோசியுங்கள்.

திறப்பு விழா நாளிலோ விருந்தினர் வரும் நாளிலோ போகாமல், சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போங்கள். பட்டறைக்குள் சத்தம் கேட்கிறதா? ஓர் எஞ்சினைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் கையில் ஸ்பானர் இருக்கிறது? ஆசிரியர் வெளியே வேலை செய்தவரா என்றும் விசாரியுங்கள். பெண் பிள்ளையை அனுப்புகிறவர்கள் விடுதியையும் மாலை பஸ்ஸையும் நேரில் பாருங்கள். தையல் வகுப்பில் தள்ளிவிடாமல், அவள் விரும்பினால் வாகனப் பிரிவில் சேருங்கள். என்னிடம் வந்த கெட்டிக்காரர்களில் பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சரி, தொழிலிடப் பயிற்சிக்கு இடம் தேடித் தருவது யார்? “நீங்களே பாருங்கள்” என்று நிலையம் சொன்னால் யோசியுங்கள். போன தொகுதியில் படித்த ஒருவரைத் தேடிப்பிடித்து, இப்போது எங்கே வேலை என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். பயிற்சிக் காலத்தில் நாட்குறிப்பேட்டை அன்றன்றே நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள். மதிப்பீட்டுக்கு வருபவர் அதைக் கேட்பார்.

ஏற்கெனவே வேலை பழகி அனுபவம் உள்ளவர் என்றால், முழுப் பாடநெறியையும் படிக்கத் தேவையில்லை. முன்அனுபவத்தை வைத்தே என்.வி.கியூ. மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வேலை செய்த இடத்துக் கடிதங்களையும் செய்த வேலைகளின் படங்களையும் இப்போதே சேர்த்து வையுங்கள்.