காய்ச்சல் இறங்கிவிட்டால் போதுமா? தொற்று நோய்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காய்ச்சல் வந்துவிட்டால் வீட்டில் எல்லோருடைய கண்ணும் தெர்மாமீட்டர் மேல்தான். 103 என்றால் பதற்றம், 99 என்றால் நிம்மதி. தொற்று நோய்களைக் கையாள்வதில் நடக்கும் பெரிய தவறுகள் பல இங்கேதான் தொடங்குகின்றன. காய்ச்சல், இருமல், அரிப்பு, வயிற்றுப்போக்கு எல்லாமே உள்ளே ஏதோ நடக்கிறது என்று உடம்பு காட்டும் அடையாளங்கள். அடையாளம் தணிந்ததும் நோயே போய்விட்டது என்று முடிவு கட்டுகிறோம். அல்லது அடையாளத்தை எப்படியாவது அடக்கினால் போதும் என்று மருந்து தேடுகிறோம். இந்த இரண்டு பழக்கமும் சாதாரண நோயைக்கூடச் சிக்கலாக்கிவிடும்.

எண்ணைப் பார்த்து ஆளை மறப்பது

உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காய்ச்சல். அது எவ்வளவு ஏறியது என்பதை மட்டும் வைத்து நோயின் கடுமையை அளக்க முடியாது. சாதாரண வைரஸ் காய்ச்சலிலேயே ஒரு குழந்தைக்கு 104 வரை போகும். மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் விளையாடப் போய்விடும். இன்னொரு குழந்தைக்கு 100தான் இருக்கும், ஆனால் பால் குடிக்காது, கூப்பிட்டால் சரியாகக் கண் திறக்காது, மூச்சு வாங்கும். அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது இந்த இரண்டாவது குழந்தையைத்தான். 3 மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு 100.4 வந்தாலே, பார்க்க நன்றாக இருந்தாலும், உடனே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

இருமலும் காய்ச்சலும் உள்ள குழந்தையிடம் தெர்மாமீட்டரைவிட அதிகம் சொல்வது மூச்சுதான். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. 2 மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. மூச்சு இந்த அளவிலோ அதற்கு மேலோ இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம் என்று சந்தேகிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

பாராசிட்டமால் நல்ல மருந்து. ஆனால் அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 கிராம். மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. பலர் தெரியாமலேயே இந்த எல்லையைத் தாண்டுகிறார்கள். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு இன்னொரு மாத்திரை, உடம்பு வலிக்கு மூன்றாவது என்று போடுகிறார்கள். மூன்றிலுமே பாராசிட்டமால் இருக்கும். அட்டையின் பின்பக்கம் என்னென்ன மருந்து கலந்திருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டுப் போடுங்கள்.

காய்ச்சலில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் வாயில் விரலையோ கரண்டியையோ விடக் கூடாது. ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசர சிகிச்சை தேவை.

காய்ச்சல் விட்ட நாளில் கவனத்தை விடுவது

டெங்குவில் உயிரைப் பறிக்கும் தவறு இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூன்று நான்கு நாள் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் முறித்துப் போட்டதுபோல் வலி. அப்புறம் ஒரு நாள் காய்ச்சல் விட்டுவிடும். வீட்டார் பெருமூச்சு விடுவார்கள், நோயாளியும் வேலைக்கோ பள்ளிக்கோ கிளம்பிவிடுவார். டெங்குவின் அபாய கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் தொடங்கிய 3ஆம் நாளில் இருந்து 7ஆம் நாளுக்குள், வெப்பம் இறங்கும் நேரத்தை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரத்தில், சிலருக்கு ரத்தக் குழாய்களில் இருந்து நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். கசிவு அதிகமானால் ரத்த அழுத்தம் விழுந்து 'ஷாக்' எனப்படும் அதிர்ச்சி நிலைக்குப் போய்விடுவார்கள். காய்ச்சல் இல்லாத உடம்புதானே என்று அலட்சியமாக இருக்கும் நேரத்தில் இது நடக்கிறது.

எனவே காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் இன்னும் கூர்ந்து பாருங்கள். விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம் போவது, கை கால் சில்லிட்டுப் போவது, சிறுநீர் குறைவது, காரணமில்லாத தவிப்பு அல்லது மயக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவா பகலா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதே நோயில் எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையையே துரத்துகிறோம். பிளேட்லெட் குறைவது டெங்குவில் எதிர்பார்க்கக்கூடியதுதான். அது குறைந்துகொண்டே போகும்போது ஹீமட்டோக்ரிட் எனப்படும் ரத்தத்தின் செறிவு ஏறுகிறதா என்பதைத்தான் மருத்துவர்கள் கவலையோடு பார்ப்பார்கள், ஏனென்றால் கசிவைக் காட்டிக் கொடுப்பது அது. ரத்தப்போக்கு இல்லாத நோயாளிக்கு எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றச் சொல்லி நெருக்குவதில் பலன் இல்லை.

உடம்பு வலி தாங்காமல் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போடுவதும் இந்த நேரத்தில் ஆபத்து. இவை ரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமால் மட்டுமே. இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பரிசோதனைக்கும் நாள் கணக்கு உண்டு. டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை முதல் ஐந்து நாட்களில் பயன்படும், ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் சோதனை அதற்குப் பிறகுதான் நம்பகமானது. இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். எடுத்து 'இல்லை' என்று வந்ததை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. மலேரியாவிலும் ஒரே ஒரு ரத்தப் பூச்சில் கிருமி தெரியாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சந்தேகம் இருந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி எடுப்பார்கள். டைஃபாய்டுக்கு வைடால் சோதனை பல சமயம் தவறாகக் காட்டும். ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்த கல்ச்சர் மேலானது, அதையும் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுத்தால்தான் கிருமி பிடிபட வாய்ப்பு அதிகம். காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுதி வைத்துக்கொண்டால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆன்டிபயாடிக்கைக் காய்ச்சல் மாத்திரையாக நினைப்பது

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸை எதுவும் செய்யாது. சளி, ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி எல்லாம் வைரஸ் வேலை. மூன்றாம் நாள் ஆன்டிபயாடிக் தொடங்குகிறோம், ஐந்தாம் நாள் சரியாகிறது, மருந்துதான் காப்பாற்றியது என்று நம்புகிறோம். மருந்தே போடாமல் இருந்திருந்தாலும் ஐந்தாம் நாள் சரியாகத்தான் போயிருக்கும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதும் தவறான நம்பிக்கை. கிருமியோடு போராடும் வெள்ளணுக்களில் உள்ள பொருளால் அந்த நிறம் வருகிறது, வைரஸ் சளியிலும் வரும். சளிக்குப் பிறகான இருமல் மூன்று வாரம்வரை இழுப்பதும் சகஜம்.

தொண்டையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இருமலே இல்லாமல் காய்ச்சல், விழுங்க முடியாத வலி, கழுத்தில் நெறி கட்டுவது, டான்சிலில் வெள்ளைத் திட்டு எல்லாம் சேர்ந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் சில குழந்தைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைப் பாதிக்கும். இங்கே ஆன்டிபயாடிக் அவசியம். எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பதை நாமாக ஊகிக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

போன தடவை மிச்சமான மாத்திரையைப் போடுவதும், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்ததை வாங்குவதும், இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்துவதும் அரைகுறை அளவில் கிருமிக்கு மருந்தைப் பழக்கிவிடும். 1928இல் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், 1945இல் நிகழ்த்திய நோபல் உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார். எத்தனை நாள் என்பதை மருத்துவர் நோய்க்கு ஏற்ப முடிவு செய்வார். சில தொற்றுகளுக்கு மூன்று நாளே போதும், சிலவற்றுக்கு மாதக் கணக்கில் வேண்டும்.

மாதக் கணக்கு என்றால் காசநோய்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், அதோடு மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு இருந்தால், இருமல் மருந்தை மாற்றிக்கொண்டே இருக்காமல் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் குறைவான மருந்துகள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே இருமல் தணியும், பசி எடுக்கும், உடம்பு தேறும். அந்தக் கட்டத்தில் நிறுத்துபவர்களுக்கு நோய் திரும்பி வருகிறது, பல சமயம் மருந்துக்கு அடங்காத வடிவில்.

வயிற்றுப்போக்கை நிறுத்தப் பார்ப்பது

வயிற்றுப்போக்கில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கிருமியைவிட, உடம்பில் இருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பான்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலநபிஸ் குளுக்கோஸும் உப்புகளும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் குடும்பத்தாரே அதைக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4க்கும் கீழே இறங்கியது. சர்க்கரை குடலுக்குள் போகும்போது சோடியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது, சோடியத்தின் பின்னால் நீரும் போகிறது. ஓ.ஆர்.எஸ். வேலை செய்யும் விதம் இதுதான்.

இவ்வளவு நல்ல மருந்தைக் கலக்குவதிலேயே தவறு செய்கிறோம். ஒரு லிட்டருக்கான பொடியில் கொஞ்சத்தை ஒரு டம்ளரில் குத்துமதிப்பாகக் கொட்டினால் அளவு கெட்டுவிடும். அடர்த்தி கூடினால் வயிற்றுப்போக்கு அதிகமாகும், குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறும். நீர்த்துவிட்டால் பயன் குறையும். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுவதையும் கலந்து, 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். சுவைக்காகக் கூடுதல் சர்க்கரை சேர்க்கக் கூடாது. பொடி கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள்.

குடித்த பிறகும் பேதி உடனே நிற்காது. நீரிழப்பை ஈடுகட்டுவதற்குத்தான் ஓ.ஆர்.எஸ்., பேதியை நிறுத்துவதற்கு அல்ல. இது புரியாமல் 'பயனில்லை' என்று நிறுத்திவிடுபவர்கள் அதிகம். லோபெரமைடு போன்ற நிறுத்தும் மாத்திரைகளைச் சிறு குழந்தைகளுக்கோ, மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருப்பவர்களுக்கோ தரவே கூடாது. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம். 10 முதல் 14 நாள் துத்தநாக மருந்து கொடுத்தால் குழந்தைகளுக்குச் சீக்கிரம் குணமாகும். கண் குழிவிழுவது, அழும்போது கண்ணீர் வராதது, சிறுநீர் போகாதது, துவண்டுபோவது தெரிந்தால் வீட்டு வைத்தியம் போதாது.

தோலில் அரிப்பு அடங்கினால் சரியாகிவிட்டதா?

படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த களிம்பு தடவினால் ஓரிரு நாளில் அரிப்பும் சிவப்பும் மறைந்துவிடும். பூஞ்சை உள்ளே சுகமாக வளரும். நிறுத்தியதும் முன்பைவிடப் பரவலாக, அடையாளம் தெரியாத உருவத்தில் திரும்பி வரும். மருத்துவரே குழம்பும் அளவுக்கு ஆகிவிடுகிறது.

சிரங்கில் நடப்பது வேறு. அரிப்பு உள்ளவருக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு மற்றவர்களை விட்டுவிடுவார்கள். முதல் முறை பூச்சி தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம், அதுவரை அவர் மற்றவர்களுக்குப் பரப்பிக்கொண்டிருப்பார். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம் என்பதால் தினமும் மருந்தைத் தடவிக்கொண்டிருக்கவும் தேவையில்லை.

தொற்று எப்போது பரவும்?

சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு 1 முதல் 2 நாள் முன்பிருந்து எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை பரவும். தட்டம்மை, தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பிருந்து 4 நாள் பின்புவரை பரவும். நோரோவைரஸ் வாந்தி பேதியில் ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாகக் கேட்காது, சோப்பும் தண்ணீரும்தான். கடைசியாகப் பேதி போய் 48 மணி நேரம் கழித்தே மற்றவர்களுக்குச் சமைப்பது நல்லது.

அடையாளத்துக்காகவே காத்திருப்பது

ரேபிஸில் அறிகுறி தென்பட்டுவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. ஆனால் கடிபட்டவுடன் செய்ய வேண்டியதைச் செய்தால் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுத்துவிடலாம். நாயோ பூனையோ குரங்கோ, கடி சிறியதா பெரியதா என்று பார்த்துக்கொண்டு நிற்காமல் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நினைப்பதைவிட நீளமானது. காயத்தில் வேறு எதையும் அப்பிவிட்டுப் போகாதீர்கள். தடுப்பூசியை அன்றே தொடங்கி, சொல்லும் தேதிகளில் எல்லாத் தவணையும் போட வேண்டும். ரத்தம் வரும் அளவுக்குக் காயம் இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் எனப்படும் ஆயத்த எதிர்ப்பொருள் ஊசியும் தேவைப்படும். அதைப் போடுவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடித்த நாய் பத்து நாள் உயிரோடு இருக்கிறதா பார்த்துவிட்டுப் போடலாம் என்று காத்திருக்காமல் முதல் ஊசியைப் போட்டுவிட்டுக் கவனியுங்கள். கடிபட்டுப் பல நாள், சில வாரம் ஆகியும் ஊசி போடாமல் இருப்பவர்கள் இனி என்ன பயன் என்று விட்டுவிட வேண்டாம். அறிகுறி வராதவரை தாமதமாகத் தொடங்கினாலும் பலன் உண்டு, இன்றே போங்கள்.