மேடில்லாத ஊர்தானே என்று நினைத்தால்: செட்டிநாட்டில் சைக்கிள் மிதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிக்கு ரோடு பைக்கோடு (தார்ச்சாலைக்கென்றே உள்ள, மெல்லிய டயர் சைக்கிள்) வருகிறவர்கள் முதல் நாளே சொல்வது, "இங்கே ஏத்தமே இல்லையே" என்பதுதான். பார்த்தால் அப்படித்தான் தெரியும். குன்றக்குடி மலை, பிள்ளையார்பட்டிக் குன்று, திருமயத்தில் கோட்டை உட்கார்ந்திருக்கும் பாறை, இவை தவிர கண்ணுக்கு எட்டிய வரை நிமிர்ந்து நிற்பது கோபுரங்களும் பனைமரங்களும்தான். சாலையும் மலை மேல் ஏறாது, அடிவாரத்தோடு போய்விடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்தச் சாலைகளில் பல வருடமாக மிதித்ததில் நான் கண்டது ஒன்று: இங்கே நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு நினைப்பிலிருந்துதான் கிளம்புகின்றன.

மலைச் சாலையில் எழுந்து நின்று மிதிப்போம், இறக்கத்தில் கால் சும்மா இருக்கும், முதுகு நிமிரும். உடம்புக்கு ஒரு மாற்றம் கிடைத்துக்கொண்டே இருக்கும். சமதரையில் அது கிடையாது. மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். நிமிடத்துக்கு 90 சுற்று என்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 5,400 முறை ஒரே கோணத்தில் முழங்கால் மடங்கி விரிகிறது. சீட் அரை அங்குலம் தாழ்ந்திருந்தாலும் அந்தத் தப்பு 5,400 முறை நடக்கிறது. பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று 40 கிலோமீட்டர் அளவில் ஒரு சுற்று போய்விட்டு வந்து, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "வயசாயிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் வயது காரணமில்லை, சீட்தான் காரணம்.

அதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். சுவரில் சாய்ந்துகொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அப்புறம் மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டி தானாகவே லேசாக மடங்கியிருக்கும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். மாற்றும்போது ஒரே நாளில் நிறைய மாற்றாமல் நாலைந்து மில்லிமீட்டர் மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

கியர் விஷயமும் இதே கதைதான். சமதரை என்றதும் பின்னால் இருக்கும் மிகச் சின்னப் பல்சக்கரத்தில் போட்டு அழுத்தி மிதிக்கத் தோன்றும். வேகம் வருவது போல இருக்கும், 20 கிலோமீட்டரில் தொடை கனத்துவிடும். ஒன்றிரண்டு கியர் குறைத்து, கால் இலகுவாகச் சுற்றும்படி மிதித்தால் திரும்பி வரும்போதும் கால் நம்மோடு இருக்கும். கையையும் ஒரே இடத்தில் வைத்திருக்காமல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஹேண்டில்பாரில் பிடியை மாற்றுங்கள். விரல் மரத்துப் போகாது.

ஆடிக்காற்றை மறந்து கிளம்புவது

மலை இல்லாத ஊருக்குக் காற்றுதான் மலை. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும் காற்று வெயில் ஏற ஏற வலுக்கும். புதிதாக மிதிக்கிறவர்கள் காரைக்குடியிலிருந்து கிழக்கே கண்டனூர், புதுவயல் தாண்டி அறந்தாங்கி பக்கம் கிளம்புவார்கள். போகும்போது மீட்டர் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைக் காட்டும். இன்றைக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று இன்னும் பத்து கிலோமீட்டர் போவார்கள். உடம்பு அல்ல, காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியிருக்கிறது. திரும்பும்போது அதே காற்று முகத்தில். மணி ஒன்பது, தண்ணீர் தீர்ந்துவிட்டது, மீட்டர் 16-ஐத் தாண்டாது.

என் முதல் ஆடி மாதத்தில் எனக்கும் இதுவே நடந்தது. புதுவயலுக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து ஆடியில் கிழக்கே முதலில் போவதில்லை. திருப்பத்தூர்ச் சாலையில் மேற்கே போய், காற்றோடு முட்டிவிட்டு, திரும்பும்போது அதன் தயவில் வருவேன். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அதனால் எதிர்க்காற்றில் வழக்கமான வேகத்தைப் பிடித்தே தீருவேன் என்று அடம்பிடிப்பது வீண். வேகத்தை விட்டுவிட்டு, மூச்சு எப்போதும் போல இருக்கும்படி மிதியுங்கள்.

கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவரின் பின்னால் ஒதுங்கிக்கொள்வது நல்லதுதான். ஆனால் உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டில் நுழைந்து நிற்கக் கூடாது. அவர் ஒரு பள்ளத்துக்காக லேசாக விலகினாலும் விழப்போவது நீங்கள்.

வெயிலும் காலைப் பலகாரமும்

சித்திரை, வைகாசியில் ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும். பெரிய சாலைகளை அகலப்படுத்தியதில் பழைய மரங்கள் பல போய்விட்டன. நிழல் வேண்டுமென்றால் ஊருக்குள் ஊருணிக் கரைக்குத்தான் போக வேண்டும். மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். அதுவும் வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போகும் உப்பு திரும்பி வராது, தலை கிறுகிறுக்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் உப்புப் போட்ட மோர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

இங்கே வருகிறவர்கள் ஆசையாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. பாதி வழியில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும், கந்தரப்பமும், அதன் மேல் இரண்டு தோசையும். அந்த ஆசை எனக்குப் புரியாமல் இல்லை, இந்த ஊர்ச் சமையல் அப்படி. ஆனால் எண்ணெயில் வெந்ததும் அரிசிமாவும் வயிற்றில் உட்கார்ந்திருக்க, ஒன்பது மணி வெயிலில் 20 கிலோமீட்டர் மிதிப்பது பெரிய பாடு. வழியில் இரண்டு வாழைப்பழம், கொஞ்சம் கடலைமிட்டாய் போதும். பணியாரத்தைச் சுற்று முடிகிற இடத்தில் வையுங்கள். அப்போது அதன் ருசியே வேறு.

முள்

செட்டிநாட்டில் சைக்கிள் மிதிக்கிறவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட முதலில் தெரிந்திருக்க வேண்டியது சீமைக் கருவேலம். கண்மாய்க்கரை, தரிசு, சாலையோரம் என்று எங்கும் அதுதான். சாலையோரப் புதரை வெட்டிய பிறகு ஒரு வாரத்துக்குச் சிறு சிறு மிலாறுகள் ஓரத்தில் கிடக்கும். கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப் போகும் டிராக்டரிலிருந்தும் உதிரும். பஸ்ஸுக்குப் பயந்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மண்ணை ஒட்டிப் போகிறவர்களுக்குத்தான் பஞ்சர் அதிகம். வண்டிச் சக்கரங்கள் ஓடும் தடத்தில் முள் தங்காது. ஓரத்திலிருந்து இரண்டடியாவது உள்ளே மிதியுங்கள். பின்னால் வருகிற டிரைவருக்கும் அப்போதுதான் நீங்கள் கண்ணில் படுவீர்கள்.

பஞ்சர் ஆன பிறகு செய்யும் தவறு இன்னும் பெரியது. ஒரு முறை பள்ளத்தூர்ப் பக்கம் எனக்குப் பின்சக்கரம் இறங்கியது. டியூப்பை மாற்றினேன், காற்றடித்தேன், கால் கிலோமீட்டர் போவதற்குள் மறுபடியும் தட்டை. இன்னொரு டியூப் இல்லை. தள்ளிக்கொண்டே போய் ஒரு பழைய சைக்கிள் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் வயதானவர். "டியூப்பைப் பார்த்து என்ன தம்பி ஆகப்போகுது, டயரைப் பாருங்க" என்றார். டப்பாவிலிருந்து ஒரு சுருள் பஞ்சை எடுத்து, டயரின் உள்பக்கமாக மெதுவாக இழுத்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் பஞ்சு மாட்டி, இரண்டு இழை அங்கேயே நின்றுவிட்டது. விரலால் தடவியபோது எனக்கு ஒன்றுமே தெரியாத இடம் அது. கொறட்டால் பிடித்து இழுத்தார். உடைந்த முள் நுனி, ஒரு எள் அளவுகூட இருக்காது. சக்கரத்தில் பாரம் ஏறும்போது மட்டும் உள்ளே எட்டிப் பார்த்து டியூப்பைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு என் பையில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு இருக்கிறது. இன்னொரு பழக்கமும் உதவும். டயரை மாட்டும்போது அதில் எழுதியிருக்கும் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். டியூப்பில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை விரற்கடை தள்ளி இருக்கிறது என்று பார்த்தால், டயரில் முள் எங்கே என்பது உடனே தெரிந்துவிடும்.

வால்வு என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். ரோடு பைக் டியூப்கள் பலவற்றில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு. நம் பஞ்சர் கடைகளில் இருக்கும் காற்றுக்குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது, இதில் பொருந்தாது. சுண்டுவிரல் நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று போதும், எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். அது இல்லாமல், கடை திறந்திருந்தும் நடந்து வந்தவர்களை எனக்குத் தெரியும்.

காற்றைக் கல் மாதிரி ஏற்றுவதும் தவறுதான். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவு தாண்டக் கூடாத எல்லையே தவிர, எட்ட வேண்டிய இலக்கு அல்ல. 70 கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டயரில் 70-லிருந்து 75 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) வைத்தால், நம் கிராமச் சாலைகளில் வண்டி குதிக்காமல் போகும்.

சாலையைத் தனியாக நமக்கு என்று நினைப்பது

ஹெல்மெட் போடாதது, காதில் பாட்டு, விடியுமுன் பின்விளக்கு இல்லாமல் கிளம்புவது, இவையெல்லாம் எங்கேயும் தவறுதான். இந்த வட்டாரத்துக்கே உரியவை வேறு.

அறுவடைக் காலத்தில் சாலையின் பாதி களமாகிவிடும். நெல், உளுந்து, எள் காயும். கதிரையும் செடியையும் வண்டிகள் ஏறிப் போவதற்காகப் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் ரோடு பைக்கை விட்டால் தாள் செயினிலும் பல்சக்கரத்திலும் சுற்றிக்கொள்ளும், பிரேக் பிடித்தால் வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அது ஒரு குடும்பத்தின் வருட உழைப்பு, நமக்கு ஒரு நிமிடத் தாமதம்.

தை மாதத்தில் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கும் நாட்களில் அந்தச் சாலை நடக்கிறவர்களுடையது. விடியுமுன் இருட்டிலேயே வெறுங்காலோடு ஆயிரக்கணக்கானவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். மணியடித்துக்கொண்டே கூட்டத்துக்குள் நுழையாமல், அந்த நாட்களில் தேவகோட்டைப் பக்கம் போய்விடுங்கள். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் நாளிலும் அந்தப் பக்கம் சைக்கிள் வேண்டாம். தொழுவிலிருந்து விடும் மாடுகளைத் தவிர, வயல்வெளியில் அவிழ்த்துவிடும் கட்டுமாடுகள் எந்த வரப்பிலிருந்து சாலைக்கு ஏறும் என்று சொல்ல முடியாது. ஊர்த் திருவிழாக்களில் மாட்டுவண்டிப் பந்தயமும் சாலையில்தான் நடக்கும். வண்டிகளைவிட அவற்றின் பின்னால் கத்திக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள்களுக்குத்தான் அதிகம் ஒதுங்க வேண்டும்.

விடியற்காலையில் மயில் குறுக்கே வரும். கனத்த உடம்பு, சட்டென்று எழும்பாது, நம் முகத்து உயரத்திலேயே பறக்கும். ஒன்றைக் கண்டால் பின்னால் இன்னும் இரண்டு வரும் என்று வேகத்தைக் குறையுங்கள். ரயில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காமல் நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும், ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் கவனமாக. அந்த மழையில் செம்மண் கரைந்து தார் மேல் மெழுகியது போல் படிந்திருக்கும். திருப்பத்தில் பிரேக் பிடிக்காமல், திருப்பத்துக்கு முன்னாலேயே பிடித்துவிடுங்கள்.

அதே செம்மண்தான் செயினுக்கும் எமன். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ பழைய என்ஜின் ஆயிலோ விடுவார்கள். புழுதி அதில் ஒட்டி, அம்மியில் அரைத்த விழுது போலாகி, செயினையும் பல்லையும் சேர்த்து அரைத்துவிடும். செயின் எண்ணெயாகவே வாங்கி, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளேதான் வேண்டும், வெளியே பளபளப்பது புழுதியைக் கூப்பிடும்.

இன்னும் ஒன்று. ரோடு பைக் செருப்புகளின் அடியில் பெடலில் மாட்டுவதற்குக் கிளீட் என்ற கட்டி இருக்கும். கானாடுகாத்தானில் தெரிந்தவர் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது, எங்களோடு வந்த ஒருவர் அதோடு திண்ணைப் படியில் கால் வைத்துவிட்டார். உள்ளிருந்து வந்த ஆச்சி, "தம்பி, அதைக் கழட்டிப்புட்டு வாங்க, வழுக்கிப்புடும்" என்றார்கள். அவர்கள் முதலில் கவலைப்பட்டது தரைக்காக அல்ல, அவருக்காக. ஆனால் அது ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கண்ணாடி மேல் மணலும் சிமென்டும் வண்ணமும் ஊற்றிக் கையால் செய்தது. தலைமுறை தலைமுறையாகக் கால் பட்டுப் பட்டே மெருகேறுவது. கிளீட்டில் ஒட்டியிருக்கும் ஒரு பொடிக்கல் போதும், அதில் கோடு விழ. நாங்கள் எல்லாரும் வாசலிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு அந்தக் குளிர்ந்த தரையில் உட்கார்ந்து மோர் குடித்தோம்.