தோசைக்கல் பழக்கத்தோடு பீட்சா கல்லைத் தொடாதீர்கள்

என் முதல் பீட்சா கல் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. அதன்மேல் வழிந்து கருகிய சீஸைப் பார்க்கச் சகிக்காமல், சிங்க்கில் ஊறப்போட்டு, சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து வைத்தேன். மறுநாள் சாயங்காலம் ஓவனைப் போட்டு இருபது நிமிடம் ஆகியிருக்கும், உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். கல் நடுவில் இரண்டாக விண்டு கிடந்தது. மேலே தொட்டால் உலர்ந்திருந்த கல்லுக்குள்ளே தண்ணீர் இருந்திருக்கிறது. சூட்டில் அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லைப் பிளந்துவிட்டது. தோசைக்கல்லுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்ததுதான் நான் செய்த தப்பு.

சரி, இந்தக் கல் எதற்கு? இத்தாலியின் நேப்பிள்ஸ் ஊர் விறகு அடுப்புகளில் சூடு 450 டிகிரி செல்சியஸைத் தாண்டும். 60 முதல் 90 விநாடியில் பீட்சா வெந்துவிடும். நம் வீட்டு ஓடிஜி (கரண்டில் ஓடும் சின்ன ஓவன்) 250 டிகிரியோடு நின்றுவிடுகிறது. அதில் மெல்லிய அலுமினியத் தட்டில் வைத்துச் சுட்டால், மேலே சீஸ் சிவந்திருக்கும், அடி வெளுத்துச் சொதசொதவென்று இருக்கும். கல் அப்படியில்லை. முக்கால் மணி நேரம் குடித்த சூட்டை, மாவு பட்டவுடன் அடியில் இறக்கும். நுண்துளைகள் இருப்பதால் மாவின் ஈரத்தையும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

வாங்கும்போது

கார்டியரைட் என்ற பீங்கான் வகைக் கல்லாகக் கேட்டு வாங்குங்கள், சூடு ஏறி இறங்குவதை நன்றாகத் தாங்கும். சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கனம் போதும். கடைக்குப் போகுமுன் ஓவனின் உள் அளவை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். கல்லைச் சுற்றி இரண்டு விரல் அகலம் இடம் இல்லாவிட்டால் சூடான காற்று மேலே போகாது. வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ், கடப்பாக் கல் துண்டு எல்லாம் வேண்டாம். அதன்மேல் என்ன பூசியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது, சூட்டில் வெடிக்கவும் செய்யும்.

மாவு

25 சென்டிமீட்டர் பீட்சா இரண்டுக்கு: மைதா 300 கிராம், தண்ணீர் 190 மில்லி, உப்பு 6 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம். பத்து நிமிடம் பிசைந்து, மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து இரண்டு உருண்டையாக்கி மூடி வைத்துவிடுங்கள். ஜில்லென்ற மாவு விரியாது, இழுத்தால் ரப்பர் மாதிரி திரும்பிச் சுருங்கும்.

சூடேற்றுவது

1. ஓவன் ஆறியிருக்கும்போதே கல்லை நடுத்தட்டில், கம்பி வலையின்மேல் வையுங்கள். சூடான ஓவனுக்குள் குளிர்ந்த கல்லைத் திணிக்காதீர்கள்.

2. மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியட்டும். 250 டிகிரியில் 45 நிமிடம். பத்து நிமிடத்திலேயே விளக்கு அணைந்துவிடும், நம்பாதீர்கள். அது காற்றுக்கு ஏறிய சூடு. கல்லுக்கு ஏற இன்னும் நேரமாகும்.

3. சூடு வந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளிக்கக் கூடாது. கை தன்னால் போகும், எனக்கும் போனது. தோசைக்கல்லில் ‘சுர்’ என்று கேட்கும் அந்தத் தெளிப்பு, இங்கே கல்லில் விரிசலாக முடியலாம்.

4. பெரும்பாலான ஓடிஜிக்களில் டைமர் 60 நிமிடம்தான். பீட்சா உள்ளே போகுமுன் அதை மறுபடி திருப்பிவிடுங்கள். மறந்தால் பாதி வேக்காட்டில் மணி அடித்து அணைந்துவிடும்.

கல்லில் இறக்குவது

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். பீட்சாவைத் தள்ளிவிட மரத் துடுப்பு கடையில் கிடைக்கும். இல்லையென்றால் விளிம்பில்லாத தட்டு, அல்லது கவிழ்த்த தாம்பாளம் போதும். அதன்மேல் கொஞ்சம் வெள்ளை ரவை தூவுங்கள், அதுதான் சக்கரம் மாதிரி உருட்டிவிடும். மைதா தூவினால் ஈரம் பட்டு ஒட்டிக்கொள்ளும்.

மாவை விரித்து ரவைமேல் போட்டதும் மளமளவென்று வேலை நடக்க வேண்டும். மெல்லிசாகச் சாஸ், அளவாகச் சீஸ், பொடிசாக நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய். அள்ளிக் கொட்டினால் தண்ணீர் விட்டு வழியும். ஒவ்வொரு பொருள் வைத்தபிறகும் தட்டை லேசாக ஆட்டிப் பாருங்கள். பீட்சா நகராமல் ஓரிடத்தில் பிடித்துக்கொண்டால், அந்த ஓரத்தைத் தூக்கி இன்னும் கொஞ்சம் ரவை போடுங்கள். கதவைத் திறந்து, தட்டின் நுனியைக் கல்லின் பின்பக்கம் வைத்து, ஒரே வீச்சில் பின்னுக்கு இழுங்கள். தயங்கித் தயங்கி இழுத்தால் வெங்காயம் முன்னால் போகும், மாவு பின்னால் நிற்கும்.

எட்டு முதல் பத்து நிமிடம். ஓரம் பொன்னிறமாகிப் புள்ளி புள்ளியாகக் கருக ஆரம்பித்தால் எடுத்துவிடலாம். அடுத்த பீட்சாவுக்கு முன் ஐந்து நிமிடம் விடுங்கள், கல் இழந்த சூட்டைத் திரும்பப் பிடிக்கட்டும். ஃபிரீசரிலிருந்து எடுத்த பீட்சாவை மட்டும் நேராக இதில் வைத்துவிடாதீர்கள்.

பராமரிப்பு

ஓவனை அணைத்துவிட்டுக் கல்லை உள்ளேயே விடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம். ஒட்டியதைத் தோசைத்திருப்பியால் சுரண்டி, ஈரத்துணியைப் பிழிந்து ஒரு தடவை துடைத்தால் வேலை முடிந்தது. சோப்பு உள்ளே இறங்கினால் அடுத்த பீட்சாவில் வாசனை அடிக்கும். எண்ணெய் தடவிப் பழக்குவதும் வேண்டாம், புகையும், சிக்கு வாடை வரும். அடம்பிடிக்கும் கறைக்குச் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தேய்த்துத் துடைக்கலாம். அப்படிச் செய்தால் ஒருநாள் முழுக்கக் காற்றில் உலரவிட்டுத்தான் மறுபடி சூடேற்ற வேண்டும். கறுப்புத் திட்டுகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என் இரண்டாவது கல் இப்போது சுவரில் ஈரம் படிந்த மாதிரி இருக்கிறது, பீட்சா நன்றாகத்தான் வருகிறது.

கேக் செய்யும் நாளில் கல்லை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஓவன் சூடேற வெகுநேரம் பிடிக்கும். கிட்டத்தட்ட இரண்டு கிலோ எடை, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குங்கள். ஒருவேளை உடைந்தே போனாலும், துகள் உதிராமல் நேராக விண்டிருந்தால், இரண்டு துண்டையும் நெருக்கி வைத்துச் சுடலாம். நான் புதுக்கல் வாங்கும்வரை அப்படித்தான் ஓட்டினேன்.