கரகரக்கும் எஞ்சின்: ப்ளக்கில் கை வைக்கும் முன்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பையன் தன் டொயோட்டா ப்ரோபாக்ஸ் காரின் போனட்டைத் தூக்கி வைத்துவிட்டு, பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றும் ஸ்பேனரோடு நின்றான். யாங்கூன் தான்லின் பாலத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து அப்போதுதான் வீடு வந்திருந்தான். கிட்டே போனால் எஞ்சின் வெக்கை முகத்தில் அடிக்கிறது. "வண்டி நின்னா குலுங்குது மாமா, நாலு ப்ளக்கையும் மாத்திடப் போறேன்" என்றான். "முதல்ல ஸ்பேனரைக் கீழ வை" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டு போனான். என் கோபம் அவன்மேல் இல்லை, இருபது வருடத்துக்கு முந்தைய என்மேல்.

எஞ்சின் குலுங்கினால் ஆட்கள் செய்கிற தப்புகளை மட்டும் எழுதுகிறேன். ஆயில் அளவு பார்ப்பது, ஏர் ஃபில்டரைத் தட்டுவது எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் போனட்டைத் திறக்காமல் இருப்பதே மேல்.

சூடு ஆறாமல் ப்ளக் கழற்றுவது

எனக்கும் அன்றைக்கு இதே அவசரம்தான். ஒரு சிலிண்டர் அடிக்கவில்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது. எந்தச் சிலிண்டர் என்று பார்க்கப் பொறுமையில்லை. நாலையும் கழற்றிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு ப்ளக் சுலபமாக வந்தன. மூன்றாவது அசையவில்லை. ராட்செட் பிடியில் ஒரு முழ இரும்புக் குழாயைச் சொருகி எம்பினேன். 'கிறீச்' என்றது, பிறகு சட்டென்று இளகியது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வெளியே எடுத்தால், ப்ளக்கைச் சுற்றி வெள்ளிக் கம்பி போல ஒரு சுருள். அது, ப்ளக் திருகியிருக்கும் சிலிண்டர் ஹெட்டின் மரை!

ஹெட் அலுமினியம், ப்ளக்கின் உடம்பு எஃகு. அலுமினியம் சும்மாவே மெத்து, சூட்டில் இன்னும் மெத்து. பல வருடம் கழற்றாத ப்ளக்கின் நுனி மரையில் கரி வேறு இறுகிக் கிடக்கும். பலத்தைக் காட்டினால் தோற்பது அலுமினியம்தான். புதுப் ப்ளக்கை வைத்துத் திருகினேன், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. உலோகத் துகள் சிலிண்டருக்குள் விழுந்துவிடும் என்று ஹெட்டையே இறக்கி, மரையைப் பெரிதாக்கிக் கம்பிச்சுருள் பதித்தார்கள். அதற்குப் புது ஹெட் கேஸ்கெட், கூலி, எட்டு நாள் வண்டியில்லாத அலைச்சல். லேத் பட்டறையில் கரண்ட் வரட்டும் என்று காத்திருந்ததே இரண்டு நாள். இவ்வளவும் முடிந்த பிறகு வண்டியை எடுத்தால், அதே குலுக்கல்! கெட்டது இரண்டாவது சிலிண்டரின் காயில், அதாவது ப்ளக்குக்கு மின்சாரம் கொடுப்பது. ப்ளக் நாலும் நன்றாகவே இருந்திருக்கின்றன. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

ப்ளக்கைத் தொடாமலே அதைக் கண்டுபிடித்திருக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு காயிலின் கனெக்டரை மட்டும் கழற்றி, ஸ்டார்ட் செய்து சில நொடி கேளுங்கள். குலுக்கல் கூடினால் அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர். பிறகு அதன் காயிலையும் அடுத்த சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றுங்கள். கோளாறு கூடவே நகர்ந்தால் காயில். அங்கேயே நின்றால்தான் ப்ளக், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரெஷன்) என்று அடுத்ததுக்குப் போக வேண்டும். பழைய ஜப்பான் வண்டிகளில் சிலவற்றோடு கோளாறைப் படித்துச் சொல்லும் மலிவு ஓபிடி ரீடர் பேசாது, ஆகவே இந்தக் கைமுறை தெரிந்திருக்கட்டும். நிறைய நேரம் ஓடவிடாதீர்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும்.

ப்ளக்கைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் ராத்திரி முழுக்க ஆறட்டும். ப்ளக் குழிக்குள் இருக்கும் மண்ணை முதலில் ஊதி எடுங்கள். முரண்டு பிடித்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னே பின்னே ஆட்டி ஆட்டி எடுங்கள். திரும்பப் போடும்போது ஒரு துண்டு ரப்பர் குழாயை ப்ளக்கின் தலையில் செருகி, விரலால் திருகுங்கள். மரை கோணினால் ரப்பர் வழுக்கிக்கொடுக்கும், ஸ்பேனர் கொடுக்காது. கையிறுக்கத்துக்குப் பிறகு, வாஷர் உள்ள புதுப் ப்ளக்குக்கு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை ஸ்பேனரால் இறுக்குங்கள். பழைய ப்ளக் என்றால் கடிகாரத்தில் மணி முள் ஓர் எண் நகரும் அளவு. அதோடு நிறுத்துங்கள்.

ஓடும் எஞ்சினில் காயிலை உருவுவது

பல்லாயிரம் வோல்ட். ஒரு தடவை வாங்கியவன் மறுபடி செய்யமாட்டான்.

எஞ்சினைக் குழாயடியில் குளிப்பாட்டுவது

திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு வருகிற கேஸ்களில் பாதி இதுதான். தண்ணீர் ப்ளக் குழியில் தேங்கிவிடும், காயிலின் மின்சாரம் கசியும். காயிலைத் தூக்கி, குழியை உலர்த்தினால் போதும். புதுக் காயில் வாங்க ஓடாதீர்கள்.

குலுக்கல் நிற்க 95 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றுவது

பெட்ரோல் கடைக்காரருக்கு லாபம்.

லுங்கியோடு, சுற்றும் எஞ்சின் பெல்ட் பக்கம் குனிவது

வேண்டாம்.

எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டை மறந்துவிடுவது

எஞ்சின் ஒழுங்காக ஓடியும் வண்டி குலுங்கலாம். சைலன்ஸர் வாயில் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். சீராகப் படபடத்தால் நாலு சிலிண்டரும் அடிக்கின்றன, இடையிடையே தடுமாறினால் ஒன்று விட்டுப்போகிறது. காகிதம் சீராக இருந்தும் பிரேக்கை மிதித்து ஆட்டோ கியரை டி-யில் போட்டதும் ஸ்டியரிங் நடுங்கி, நியூட்ரலில் அடங்குகிறதா? மவுண்டைப் பாருங்கள். இங்கே ஓடுகிற வண்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானில் ஒரு ஆயுசு ஓடி வந்தவை, ரப்பர் என்ன கதியில் இருக்கும்?

பையனுடைய வண்டியில் காகிதம் சீராகத்தான் படபடத்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். வலது பக்க மவுண்டின் ரப்பர் கிழிந்து, என் சுண்டுவிரல் உள்ளே போனது. வாங்கிவைத்த நாலு ப்ளக்கையும் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனான். கடைக்காரர் வாங்கிக்கொள்ளவில்லை.