அனாடமி பெயர்களுக்குச் சிரிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

சென்னையில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே, அனாடமி புத்தகத்தில் விநோதப் பெயரைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். சிரித்துப் படித்த பெயர் லேசில் மறக்காது. ஆனால் சிரிப்போடு பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள் பாருங்கள், அதுதான் பெரிய தவறு.

'ஸ்னஃப் பாக்ஸ்' என்று கையில் ஓர் இடம் இருக்கிறது. கட்டைவிரலை நன்றாக விரித்து நிமிர்த்தினால் அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு குழி விழும். அதில் மூக்குப்பொடி வைத்து உறிஞ்சியதால் வந்த பெயர். பட்டணம் பொடி போடும் தாத்தா நினைவுக்கு வருவார், சரி. அப்புறம் அந்தக் குழியில் விரலை வைத்துப் பாருங்கள், ரேடியல் தமனி துடிக்கும். அடியில் இருப்பது ஸ்கேஃபாய்டு எலும்பு. பைக்கிலிருந்து விழும்போது கையை ஊன்றியவருக்கு அங்கே அழுத்தி வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் எலும்பு முறிந்திருக்கலாம் என்றே சந்தேகப்பட வேண்டும். இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனை வழியாகத்தான் வருகிறது. நடுவில் முறிந்தால் மறுபக்கத் துண்டு ரத்தம் கிடைக்காமல் செத்துப்போகலாம்.

மணிக்கட்டின் 8 எலும்புகளுக்குச் சீனியர்கள் சொல்லித்தரும் காதலர் வாக்கியத்தை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அதில் ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தும் ஓர் எலும்பைக் குறிக்கும்; 3 'டி' (T) வரும். எந்த 'டி' எந்த எலும்பு என்பதில்தான் வைவா எனும் வாய்மொழித் தேர்வில் மாட்டுகிறார்கள். எலும்பைக் கையில் எடுத்துப் படியுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே இருப்பது ட்ரபீசியம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் குழம்பாது.

பித்தநீர் சிறுகுடலுக்குள் வரும் வாயிலில் உள்ள வளையத் தசைக்கு 'ஸ்ஃபிங்க்டர் ஆஃப் ஆடி' என்று பெயர். அதைக் கேட்டு ஆடி மாசத் தள்ளுபடி ஜோக் அடிக்கலாம். ருக்கெரோ ஆடி என்ற இத்தாலியர் 1887-இல் மாணவராக இருந்தபோதே அதைப் பற்றி எழுதினார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். எனக்கு அது பெரிய உற்சாகம் தந்த செய்தி.

டிசெக்‌ஷன் ஹாலில், அதாவது உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தில், உடல் தானம் செய்தவரின் பக்கத்தில் நின்று அவர் உடலைக் காட்டிக் கிண்டல் வேண்டவே வேண்டாம். போட்டோவும் கூடாது.

'ஃபன்னி போன்' எலும்பே இல்லை. முழங்கை இடித்தால் கரண்ட் அடிப்பது அல்நார் நரம்பில். சுண்டுவிரல் அடிக்கடி மரத்துப்போகிறது என்று யாராவது சொன்னால் சிரித்து அனுப்பிவிடாதீர்கள். அதே நரம்பின் கோளாறா என்று அறிய, மோதிர விரலிலும் பாதி மரத்திருக்கிறதா என்று கேளுங்கள்.