பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஃபர்ஸ்ட் இயரா? என்.எம்.இ. பேப்பர் எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு சித்தி பையன் போன் பண்றான். "அண்ணா, நாளைக்குக் காலைல என்.எம்.இ. ஃபார்ம் குடுத்தாகணுமாம், எதை எடுக்குறதுன்னே தெரியல, எங்க கேங் எல்லாம் ஃபுட் கெமிஸ்ட்ரிதான் ஈஸின்னு போடுறாங்க, நானும் அதையே போட்டுடவா?"ன்னான். அரை மணி நேரம் அவன்கிட்ட பேசினதைத்தான் இங்க எழுதுறேன், இதே கேள்வியோட இந்த நேரத்துல நிறைய பேர் முழிச்சிட்டு இருப்பீங்கன்னு தெரியும்.

என்.எம்.இ.ன்னா நான் மேஜர் எலக்டிவ். நம்ம ஊரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல டிகிரியை அஞ்சு பார்ட்டா பிரிச்சு வச்சிருக்காங்க. பார்ட் 1 தமிழ் இல்லன்னா வேற மொழி, பார்ட் 2 இங்கிலீஷ், பார்ட் 3 மேஜரும் அதுக்குத் துணையா வர்ற அலைடு பாடமும், பார்ட் 5 என்.எஸ்.எஸ்., என்.சி.சி. மாதிரி விஷயங்க. நடுவுல இருக்குற பார்ட் 4-லதான் சுற்றுச்சூழல், வேல்யூ எஜுகேஷன் கூட இந்த என்.எம்.இ.யும் வரும். பெரும்பாலும் ஃபர்ஸ்ட் இயர்ல செமஸ்டருக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேப்பர், ஒவ்வொண்ணுக்கும் 2 கிரெடிட், வாரம் 2 மணி நேரம் கிளாஸ். சொந்தமா சிலபஸ் போட்டுக்குற அட்டானமஸ் காலேஜ்னா இது கொஞ்சம் மாறும், உங்க ரெகுலேஷனை ஒருக்கா பாத்துக்கோங்க. 140 கிரெடிட்ல வெறும் 4-தானேன்னு யாரும் இதைக் கண்டுக்கிறதில்ல. ஆனா மத்த பேப்பர் எல்லாம் அவங்க குடுக்குறத நாம படிக்கிறது, உங்க டிபார்ட்மெண்டை விட்டு வெளிய போய் நீங்களா பாத்து எடுக்குறது இது ஒண்ணுதான், அதைப் போய் கேங்கு கூட ஒண்ணா உக்காரணுங்குறதுக்காக வீணாக்கலாமா?

ஸ்டெப் 1: உங்களுக்கு சாய்ஸ் இருக்கான்னு பாருங்க

இது நிறைய பேருக்குத் தெரியாது. பார்ட் 1-ல தமிழ் எடுக்காம ஹிந்தி, பிரெஞ்சு, சான்ஸ்கிரிட்னு வேற மொழி எடுத்தவங்களுக்கு என்.எம்.இ. கிடையாது. ஸ்கூல்ல தமிழே படிக்கலன்னா அந்த இடத்துல பேசிக் தமிழ், பிளஸ் டூ வரைக்கும் தமிழ் படிச்சிட்டு இப்ப வேற மொழிக்கு மாறியிருந்தா அட்வான்ஸ்டு தமிழ். பார்ட் 1-ல தமிழ் எடுத்தவங்கதான் லிஸ்ட்ல இருந்து தேர்ந்தெடுக்கணும். நடுவுல ஏதாவது குழப்பமா இருந்தா கிளாஸ் இன்சார்ஜ் மேடம்கிட்ட முதல் நாளே கேட்டுடுங்க.

ஸ்டெப் 2: லிஸ்டை போட்டோ எடுங்க

நோட்டீஸ் போர்டுல எந்த டிபார்ட்மெண்ட் என்ன பேப்பர் நடத்துது, எத்தனை சீட்டு, எந்த ரூமுன்னு ஒட்டியிருப்பாங்க. முழுசா போட்டோ எடுத்துக்கோங்க. லிஸ்ட்ல ஆபீஸ் ஆட்டோமேஷன், ஹெச்.டி.எம்.எல்.னு பாத்ததும் சந்தோஷப்படாதீங்க, அது நம்ம டிபார்ட்மெண்ட் மத்தவங்களுக்கு நடத்துறது, நமக்குக் குடுக்க மாட்டாங்க. நிறைய காலேஜ்ல முதல்ல வர்றவங்களுக்குத்தான் சீட்டு, அதனால காலைல ஒன்பது மணிக்கே ஃபார்மோட நில்லுங்க, ரெண்டாவது மூணாவது சாய்ஸும் யோசிச்சு வச்சிக்கோங்க.

ஸ்டெப் 3: பேரை நம்பாதீங்க, சிலபஸைப் பாருங்க

அந்தந்த டிபார்ட்மெண்ட்ல கேட்டா சிலபஸ் குடுப்பாங்க, இல்லன்னா காலேஜ் வெப்சைட்ல பி.டி.எஃப். இருக்கும். அஞ்சு யூனிட் இருக்கும், முதல் யூனிட் எல்லா பேப்பர்லயும் ஈஸியாத்தான் தெரியும், அதனால மூணாவது நாலாவது யூனிட்டைப் படிச்சுப் பாருங்க, அப்புறம் லைப்ரரில போன வருஷ கொஸ்டின் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பாருங்க. பத்து நிமிஷம்தான் ஆகும். அதுல பாதிக் கேள்வியாவது "அட, இது என்னன்னு தெரிஞ்சிக்கலாமே"ன்னு தோணுச்சுன்னா அந்தப் பேப்பர் உங்களுக்கு செட் ஆகும்.

ஸ்டெப் 4: எதை எடுக்குறது?

என்னைக் கேட்டா காமர்ஸ் டிபார்ட்மெண்ட் நடத்துற அடிப்படை அக்கவுண்டிங் பேப்பர்தான் முதல் சாய்ஸ். காரணத்தைச் சொல்றேன். நான் ஃபர்ஸ்ட் இயர்ல ஃப்ரெண்ட்ஸ் போன இடத்துக்கே போனேன், பேப்பரும் பாஸ் ஆயிட்டேன், இன்னைக்கு அதுல ஒண்ணும் ஞாபகம் இல்ல. படிச்சு முடிச்சு முதல் வேலை பில்லிங் சாஃப்ட்வேர்ல. கஸ்டமர் பொருளைத் திருப்பிக் குடுத்தா என்ன பண்ணணும்னு ஒரு பகுதி எழுதச் சொன்னாங்க, நான் அந்த பில்லை டேட்டாபேஸ்ல இருந்து டெலீட் பண்ற மாதிரி எழுதிட்டேன். கடையில கணக்கு பாக்குற அக்கா ஸ்க்ரீனைப் பாத்துட்டு பதறிப் போய், "தம்பி, பில்லை அழிக்கவே கூடாதுப்பா, பணத்தைத் திருப்பிக் குடுத்ததுக்கு கிரெடிட் நோட்டுன்னு தனி ரசீது போடணும், பில் நம்பர் வரிசையா இல்லன்னா ஜி.எஸ்.டி.ல கேள்வி வரும்"னாங்க. கணக்குல தப்பு நடந்தா அழிக்கிறது கிடையாது, எதிர்ப்பதிவு போட்டு சரி பண்றதுதான் முறை. இது அக்கவுண்டிங்ல ஆரம்பப் பாடம், எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் தெரிஞ்சுச்சு.

இன்னொண்ணு பாருங்க. 1000 ரூபா பொருளுக்கு 18 சதவீத வரின்னா 180 ரூபான்னு ஒரே லைன்ல புரோகிராம் எழுதிடுவோம். தமிழ்நாட்டுக்குள்ளயே வித்தா அது மத்திய வரி 90, மாநில வரி 90-ன்னு ரெண்டா பிரியும், பெங்களூர்ல இருக்குற கடைக்கு வித்தா மொத்த 180-ம் ஐ.ஜி.எஸ்.டி.ன்னு, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் விக்கிறதுக்கான ஒரே வரியா போகும். அந்தப் பேப்பர்ல சொல்லித் தர்ற ரெட்டைப் பதிவு முறையும் நமக்கு உதவும், ஒவ்வொரு வரவு செலவையும் ரெண்டு கணக்குல பதியிறதுதான் அது, 1494-லயே இத்தாலில பசியோலிங்குற கணித அறிஞர் அச்சுல போட்ட விஷயம். நீங்க ஜிபேல 500 ரூபா அனுப்புனா உங்க கணக்குல குறையணும், அவங்க கணக்குல ஏறணும், ஒண்ணு நடந்து இன்னொண்ணு நடக்காம போச்சுன்னா முதல்ல குறைஞ்சது திரும்பி வரணும். பின்னாடி டேட்டாபேஸ் பாடமான டி.பி.எம்.எஸ்.ல இதையே டிரான்சாக்ஷன்னு நடத்தும்போது இந்தக் கணக்கு தெரிஞ்ச பசங்களுக்கு சட்டுனு புரிஞ்சிடும்.

எல்லாருக்கும் இதேதான்னு சொல்ல மாட்டேன். அரசு வேலை மனசுல இருந்தா ஹிஸ்டரி, பொலிடிக்கல் சயின்ஸ் டிபார்ட்மெண்ட் நடத்துற அரசியலமைப்புப் பேப்பரை எடுங்க, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-ல 200 கேள்வில 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு, அந்த 75-ல அடிப்படை உரிமை, நாடாளுமன்றம், பஞ்சாயத்து ராஜ் எல்லாம் வரும், இப்பவே ஒருக்கா ஒழுங்கா படிச்ச மாதிரி ஆகும். மேக்ஸ் டிபார்ட்மெண்ட் பேப்பர்னா கொஞ்சம் யோசிங்க, நமக்கு ஏற்கனவே அலைடு மேக்ஸ் இருக்கும், ஆப்டிட்யூட் சம்பந்தப்பட்டதா இருந்தா மட்டும் எடுங்க, கேம்பஸ் இன்டர்வியூல முதல் ரவுண்டே பெரும்பாலும் அதுதான். சைக்காலஜி இருந்தா ரொம்ப நல்லது, ஒரு ஆப்பைப் பாத்ததும் ஆளுங்க எங்க கை வைப்பாங்க, எதுக்கு எரிச்சல் ஆவாங்கன்னு புரிஞ்சிக்க உதவும். வீட்ல தோட்டம் துரவு இருக்குறவங்க காளான் வளர்ப்பு தாராளமா எடுக்கலாம், வைக்கோலை வேக வச்சு பைல அடைச்சு விதை போட்டு சிப்பிக் காளான் எடுக்குறதைக் கையால செஞ்சு பாத்தா வீட்டுக்கே பிரயோஜனம். ஃபுட் கெமிஸ்ட்ரியும் மோசமான பேப்பர் இல்ல, பால்ல கலப்படம் எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு ஆர்வமா இருந்தா போங்க, ஈஸின்னு சொல்றாங்கன்னு மட்டும் போகாதீங்க.

ஸ்டெப் 5: ரெண்டாவது செமஸ்டரையும் சேர்த்துப் பாருங்க

சில காலேஜ்ல முதல் செமஸ்டர்ல எடுத்த டிபார்ட்மெண்ட்லயேதான் ரெண்டாவதும் எடுக்கணும். அக்கவுண்டிங் மாதிரி தொடர்ச்சியா போற பேப்பருக்கு அது நல்லதுதான், ஆனா மாறிக்கலாம்னு நெனச்சு போய் மாட்டிக்காதீங்க, முன்னாடியே கேட்டுக்கோங்க.

ஸ்டெப் 6: ஃபார்ம் குடுத்த பிறகு

ஃபார்ம்ல பேப்பர் பேரை விட அதோட சப்ஜெக்ட் கோடு (code) தான் முக்கியம், ஒரு எழுத்து மாறினாலும் வேற பேப்பருக்குப் போயிடும். எழுதின ஃபார்மை போட்டோ எடுத்து வைங்க, ஹால் டிக்கெட் வந்த அன்னைக்கே அந்தக் கோடோட ஒத்துப் பாருங்க. மார்க்கு பல யூனிவர்சிட்டில இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75, பாஸுக்கு 40. மேஜர் இல்லையேன்னு அசால்ட்டா விட்டு அரியர் வச்சா, அதை முடிக்கிற வரைக்கும் டிகிரி கைக்கு வராது. வேற டிபார்ட்மெண்ட் கிளாஸ்தானேன்னு கட் அடிக்கவும் வேணாம், அட்டெண்டன்ஸ் இங்கயும் பாப்பாங்க.

தம்பி மறுநாள் மத்தியானம் மெசேஜ் போட்டான், அக்கவுண்டிங் கெடச்சிருச்சாம், அவன் கிளாஸ்ல இருந்து அவன் ஒருத்தன்தானாம், வியாழக்கிழமை முதல் வகுப்பு. ஒரு லாங் சைஸ் நோட்டு, ஸ்கேலு, கால்குலேட்டர் மூணும் எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்கேன், லெட்ஜர்ங்குற கணக்குப் பேரேடு போட ஸ்கேல்ல அடிக்கிற கோடு நேரா இருக்கணும்.