காலேஜ் ஹூப்ஸ் 2கே8-ஐ இத்தனை வருஷம் கழிச்சு திரும்ப ஆடுறது எப்படி

2007 நவம்பர்ல வந்த காலேஜ் ஹூப்ஸ் 2கே8 தான் 2கேங்கிற கேம் கம்பெனி போட்ட கடைசி அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் கேம். அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு 2009 நவம்பர்ல ஈஏங்கிற இன்னொரு கம்பெனி என்சிஏஏ பாஸ்கெட்பால் 10-ங்கிற கேமை விட்டாங்க, அதோட அந்த சீரீஸும் நின்னுடுச்சு. மறுபடி கொண்டு வர்றோம்னு ஈஏ 2025-ல சொல்லியிருக்காங்க, வரட்டும், ஆனா அது வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு அவசியமே இல்ல, ஏன்னா இந்த பழைய கேமை சரியா செட் பண்ணி ஆடினா இன்னைக்கும் அவ்ளோ நல்லா இருக்கு.

"சரியா செட் பண்ணி"ங்கிறது தான் இங்க விஷயமே. நிறைய பேர் டிஸ்க்கை தேடிப் பிடிச்சு போடுறாங்க, நார்த் கரோலினாவோ டியூக்கோ எடுக்குறாங்க, அஞ்சு நிமிஷ ஹாஃப்ல ரெண்டு மேட்ச் ஆடுறாங்க, "என்னடா இது, இப்போ வர்ற என்பிஏ கேம் மாதிரி ஸ்மூத்தா இல்லையே"ன்னு எடுத்து வெச்சுடுறாங்க. இந்த கேமோட உயிர் ரெண்டு இடத்துல இருக்கு, ஒண்ணு 35 செகண்ட் ஷாட் கிளாக் (அதுக்குள்ள ஷாட் எடுத்தாகணும்), இன்னொண்ணு லெகசி மோட் (கோச்சா இருந்து ஒரு டீமை பல சீசன் நடத்துறது). அந்த ரெண்டுக்கும் இடம் கொடுத்து ஆடணும்.

முதல்ல எதுல ஆடுறதுன்னு பார்ப்போம். கேம் வந்தது பிஎஸ்2, பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 மூணுலயும். பிஎஸ்3 டிஸ்க் பிஎஸ்4-லயோ பிஎஸ்5-லயோ ஓடாது, அதனால பழைய கன்சோல் வேணும், இல்லன்னா கம்ப்யூட்டர்ல எமுலேட்டர் (பழைய கன்சோல் மாதிரி வேலை செய்யற சாஃப்ட்வேர்) வேணும். கன்சோல் வாங்குறவங்க எக்ஸ்பாக்ஸ் 360-ல பின்னாடி வந்த ஸ்லிம் மாடலா பாருங்க, ஆரம்பகால மாடல்கள்ல சிவப்பு லைட் எரிஞ்சு செத்துப்போற பிரச்சனை எல்லாருக்கும் தெரிஞ்சது தான். இன்னொரு விஷயம், இது அமெரிக்க மார்க்கெட்டுக்கு வந்த கேம், பிஎஸ்2-வுக்கு ரீஜன் லாக் (ஒரு பகுதி டிஸ்க் வேற பகுதி கன்சோல்ல ஓடாது) உண்டு, 360-லயும் நிறைய டிஸ்க்குக்கு உண்டு, பிஎஸ்3 கேம்களுக்கு பெரும்பாலும் கிடையாது, அதனால அமெரிக்காவுக்கு வெளியில இருக்கறவங்களுக்கு பிஎஸ்3 தான் வம்பில்லாத வழி.

எமுலேட்டர்னா பிஎஸ்3 வெர்ஷனுக்கு ஆர்பிசிஎஸ்3, 360-க்கு ஸீனியா, பிஎஸ்2-வுக்கு பிசிஎஸ்எக்ஸ்2. பிஎஸ்3 ஃபர்ம்வேரை (கன்சோலை ஓட்டுற சாஃப்ட்வேர்) சோனி அவங்க சைட்லயே ஓப்பனா வெச்சிருக்காங்க, நம்மகிட்ட இருக்கற டிஸ்க்கை நாமளே டம்ப் பண்ணிக்கணும், அதாவது கம்ப்யூட்டருக்கு காப்பி எடுத்துக்கணும். ஆர்பிசிஎஸ்3-க்கு பிராசஸர் நல்லா பலமா இருக்கணும், கிராஃபிக்ஸ் கார்டு அதுக்கு அப்புறம் தான். எந்த எமுலேட்டரா இருந்தாலும் லெகசி ஆடுறப்போ சேவ் ஸ்டேட்டை (எமுலேட்டரே எடுத்து வைக்கற சேவ்) மட்டும் நம்பி இருக்காதீங்க, கேமுக்குள்ளயே சேவ் பண்ணுங்க, அதுவும் ரெண்டு ஸ்லாட்ல மாத்தி மாத்தி. பல சீசன் ஓடின லெகசி ஃபைல் ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா அந்த வலி வேற மாதிரி.

டிவியில கேம் மோட் ஆன் பண்ணுங்க. சின்ன விஷயமா தெரியும், ஆனா இந்த கேம்ல ஷாட் டைமிங் எல்லாம் கைப்பழக்கம், அதுலயும் ஃப்ரீ த்ரோ, ரைட் ஸ்டிக்கை கீழ இழுத்து அப்புறம் நேரா மேல தள்ளணும், கொஞ்சம் கோணினாலோ லேட்டானாலோ பந்து ரிம்ல பட்டு வெளிய வந்துடும். படம் ஒரு கண் சிமிட்டுற நேரம் லேட்டா வந்தாலே உங்க கை தப்பா கத்துக்கும். மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிராக்டிஸ்ல போய் ஃப்ரீ த்ரோ மட்டும் ஒரு பத்து நிமிஷம் போடுங்க, காலேஜ் மேட்ச் முடிவாகறது பாதி நேரம் அங்க தான்.

இப்போ முக்கியமான இடம், ஹாஃப் நீளம். இந்த கேம்ல இருக்கற ஆண்கள் காலேஜ் மேட்ச்ல நாலு குவார்ட்டர் கிடையாது, 20 நிமிஷம் வீதம் ரெண்டு ஹாஃப். ஷாட் கிளாக் அப்போ 35 செகண்ட், 2015-16 சீசன்ல தான் 30-க்கு இறக்கினாங்க. அஞ்சு நிமிஷ ஹாஃப்னா 300 செகண்ட், ஒரு அட்டாக்குக்கு சராசரியா 20 செகண்ட்னு வெச்சாலும் மொத்தமே 15 அட்டாக், உங்களுக்கு ஏழு, அவனுக்கு எட்டு, இதுல என்ன கேம் இருக்கு சொல்லுங்க? ஃபவுல் கணக்கும் அதே மாதிரி தான், எதிர் டீம் ஒரு ஹாஃப்ல ஏழாவது ஃபவுல் பண்ணினா தான் ஒன்-அண்ட்-ஒன் வரும் (போனஸ்னும் சொல்வாங்க, முதல் ஃப்ரீ த்ரோ போட்டா தான் ரெண்டாவது), பத்தாவதுல டபுள் போனஸ் (ரெண்டும் நிச்சயம்), ஒரு பிளேயர் அஞ்சு ஃபவுல்ல வெளிய. அஞ்சு நிமிஷத்துல இது ஒண்ணுமே நடக்காது. உங்க சென்டர் நாலு ஃபவுலோட பெஞ்ச்ல உக்காந்திருக்க, கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு அவனை இறக்கலாமா வேணாமான்னு நீங்க தவிக்கிறது, எதிர் டீமோட மோசமான ஷூட்டரை தேடிப் பிடிச்சு வேணும்னே ஃபவுல் பண்ணி, அவன் முதல் ஷாட்டை விட்டா ரெண்டாவது ஷாட்டே கிடையாதுன்னு பந்துக்கு பாயுறது, காலேஜ் பாஸ்கெட்பால்னா இது தானே. அதனால குறைஞ்சது 12 நிமிஷ ஹாஃப் வைங்க, செட்டிங்ஸ்ல ஃபவுல் எவ்ளோ விழணும்கிற ஸ்லைடரை கொஞ்சம் ஏத்துங்க, ஹாஃப் முடியறதுக்குள்ள ரெண்டு டீமும் போனஸ் பக்கத்துல வர்ற அளவுக்கு. மத்த ஸ்லைடர்களை முதல் நாலஞ்சு மேட்சுக்கு தொடவே தொடாதீங்க.

ஆடுற விதத்தையும் மாத்திக்கணும். இப்போ என்பிஏ கேம் ஆடி பழகினவங்க பந்து கையில வந்ததும் ஸ்க்ரீன் (கூட்டாளி வந்து டிஃபெண்டரை மறிச்சு நிக்கிறது) கூப்பிட்டு தூரத்துல இருந்து எறிவாங்க. 2007-08-ல காலேஜ் மூணு பாயிண்ட் கோடு 19 அடி 9 அங்குலம், ஹைஸ்கூல் கோடும் அதே தான். அடுத்த சீசன்ல 20 அடி 9 அங்குலம் ஆச்சு, 2019-20-ல 22 அடி 1¾ அங்குலம். கோடு அவ்ளோ கிட்ட இருக்கறதால டிஃபென்ஸ் சுருங்கி நிக்கும், உள்ள இடமே இருக்காது, முக்கியமா ஜோன் (ஆளை விட்டு இடத்தை காக்குற டிஃபென்ஸ்) போட்டா. அப்போ பந்தை பக்கத்துக்கு பக்கம் வேகமா மாத்தணும், ஐகான் பாஸ் பழகிக்கோங்க, ரைட் பம்பர் அழுத்தினா ஒவ்வொரு பிளேயர் மேலயும் ஒரு பட்டன் வரும், அதுல நேரா யாருக்கு வேணுமோ அவனுக்கு. 2-3 ஜோனை (முன்னாடி ரெண்டு பேர், பின்னாடி மூணு பேர்) உடைக்க ஹை போஸ்ட்ல, அதாவது ஃப்ரீ த்ரோ கோட்டுக்கிட்ட, ஒருத்தனை நிறுத்தி பந்தை அவனுக்கு கொடுங்க, ஜோனோட நடு ஆள் மேல ஏறி வருவான், உடனே ரிம் கிட்டயோ கார்னருக்கோ பந்து போகணும். கோச் ஜிம் போஹைம் சிராக்யூஸ் டீம்ல வருஷக்கணக்கா இந்த 2-3 ஜோனை வெச்சு தான் எல்லாரையும் திணறடிச்சாரு, அதை உடைக்க கத்துக்கிட்டீங்கன்னா லெகசில பாதி டீமை சமாளிச்சுடலாம்.

பொறுமை தான் வேணும். 35 செகண்ட்ல முதல் 10 செகண்ட் பந்தை சுத்தவிட்டு எதிராளி எப்படி நிக்கிறான்னு பாருங்க, பிளே கூப்பிடுங்க, அது செத்துப்போச்சா, இன்னொரு பிளேக்கு இன்னும் நேரம் இருக்கு. என்பிஏல 24 செகண்ட்ல இந்த ரெண்டாவது சான்ஸ் கிடையாது. வெளியூர் மேட்ச்ல இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஹோம் டீமுக்கு ஆறாவது ஆள்னு ஒண்ணு இருக்கு, கூட்டம். அவங்க வரிசையா ரெண்டு பாஸ்கெட் போட்டா கூட்டம் ஏறும், ஏறினா உங்க பசங்க தடுமாறுவாங்க. அப்போ தான் மெதுவா ஆடி, நல்ல ஷாட் எடுத்து, அந்த சத்தத்தை அடக்கணும், முடியலன்னா டைம்அவுட் எடுங்க, அதை கடைசிக்குன்னு சேர்த்து வைக்காதீங்க. எனக்கு இந்த கேம்ல ரொம்ப பிடிச்சதே வெளியூர் ஜிம்மை அமைதியாக்குற அந்த நாலு நிமிஷம் தான்.

ரோஸ்டர், அதாவது பிளேயர் லிஸ்ட் விஷயத்துக்கு வருவோம். கேம்ல பிளேயர் பேரே இருக்காது, பொசிஷனும் ஜெர்சி நம்பரும் மட்டும் தான், காலேஜ் பசங்க அமெச்சூர், அவங்க பேரை வெச்சு வியாபாரம் பண்ணக்கூடாதுன்னு அப்போ இருந்த ரூல். ஆனா உயரம், நிறம், திறமை எல்லாம் நிஜப் பையனை பார்த்தே செஞ்சது. யூசிஎல்ஏ 1995-ல சாம்பியன் ஆனப்போ ஆடின எட் ஓபேனன், வேற ஒரு காலேஜ் கேம்ல இடது கைக்காரனா 31-ஆம் நம்பர்ல தன்னையே பார்த்துட்டு 2009-ல கேஸ் போட்டது இதனால தான். 2014-ல தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2021-ல இருந்து பசங்க தங்களோட பேருக்கும் முகத்துக்கும் காசு வாங்கலாம், அது நியாயம், வேற பேச்சே இல்ல.

பேரை நாமளே எடிட் பண்ணிக்கலாம். ரசிகர்கள் இன்னைய டீம்களை வெச்சு செய்யற ரோஸ்டர் ஃபைலும் கிடைக்கும், ஆனா 360 ஃபைல் பிஎஸ்3-ல வேலை செய்யாது, உங்க கன்சோலுக்கு உரியதான்னு பார்த்து எடுங்க. என்னைக் கேட்டா முதல் சீசனை டிஸ்க்ல இருக்கற 2007-08 ரோஸ்டர்லயே ஆடுங்க. அந்த சீசன் அப்படிப்பட்டது. மெம்ஃபிஸ்ல டெரிக் ரோஸ், கான்சஸ் ஸ்டேட்ல மைக்கேல் பீஸ்லி, யூசிஎல்ஏல கெவின் லவ், நார்த் கரோலினால டைலர் ஹான்ஸ்ப்ரோ. நாலு நம்பர் ஒன் சீடும் (டோர்னமெண்ட்டோட ஒவ்வொரு பகுதியிலயும் முதல் ரேங்க் வாங்கின டீம்) ஒண்ணா ஃபைனல் ஃபோர், அதாவது செமிஃபைனல் போனது வரலாற்றுல அது தான் முதல் தடவை. ஃபைனல்ல 2.1 செகண்ட் இருக்கறப்போ மாரியோ சால்மர்ஸ் போட்ட மூணு பாயிண்ட் தான் மேட்சை ஓவர்டைம் கொண்டு போச்சு, கான்சஸ் 75-68-ல மெம்ஃபிஸை ஜெயிச்சது. எல்லா டீமுக்கும் பேர் போட உக்காந்தீங்கன்னா சலிச்சுடும், 300-க்கு மேல டீம் இருக்கு. உங்க கான்ஃபரன்ஸ் (உங்க டீம் ஆடுற லீக்), அப்புறம் பெரிய டீம்ல ஒரு இருபது, அது போதும். அந்த வருஷ டீம் லிஸ்ட்டை பக்கத்துல ஓப்பன் பண்ணி வெச்சு ஜெர்சி நம்பரை மேட்ச் பண்ணிக்கிட்டே போங்க.

கான்ஃபரன்ஸை எல்லாம் அப்படியே விட்டுடுங்க. சிராக்யூஸ், ஜார்ஜ்டவுன், கனெக்டிகட், லூயிவில், பிட்ஸ்பர்க், வில்லனோவான்னு 16 டீமோட இருந்த பழைய பிக் ஈஸ்ட் இப்போ நிஜத்துல இல்ல. மேரிலேண்ட் ஏசிசில இருக்கும், யூசிஎல்ஏ பேக்-10-ல இருக்கும், சீசன் கடைசில வர்ற தேசிய டோர்னமெண்ட்ல 65 டீம் (68 ஆனது 2011-ல). அந்த உலகத்துல ஒரு குளிர்காலம் முழுக்க ஆடுறதுக்கு இதை விட்டா வேற இடம் எங்க இருக்கு?

லெகசில ஓப்பன், கேரியர்னு ரெண்டு வகை. ஓப்பன்ல எந்த டீமையும் எடுக்கலாம், கேரியர்ல சின்ன ஸ்கூல்ல (அங்க காலேஜையும் அப்படி தான் சொல்வாங்க) கோச்சா ஆரம்பிச்சு மேல வரணும். கேரியர் எடுங்க, இல்ல ஓப்பன்லயே டேவிட்சன் மாதிரி ஒரு டீம் எடுங்க. டேவிட்சனை சும்மா சொல்லல, அந்த வருஷம் 30-ஆம் நம்பர் கார்டு (பந்தை எடுத்துட்டு போற வெளி ஆட்டக்காரர்) ஸ்டெஃபன் கரி. நிஜத்துல அவங்க சீசன் ஆரம்பத்துல நார்த் கரோலினா, டியூக், யூசிஎல்ஏ மூணு பேர்கிட்டயும் தோத்தாங்க, அப்புறம் சதர்ன் கான்ஃபரன்ஸ்ல 20-0, டோர்னமெண்ட்ல பத்தாவது சீடா போய் கொன்ஸாகா, ஜார்ஜ்டவுன், விஸ்கான்சினை வீழ்த்தி கான்சஸ்கிட்ட 59-57-ல தோத்து வெளிய போனாங்க. சின்ன டீம் லெகசியை எப்படி ஓட்டணும்கிறதுக்கு இதுவே வரைபடம்: நவம்பர், டிசம்பர்ல பெரிய ஸ்கூல்களோட வெளியூர் மேட்ச் போடுங்க, தோத்தாலும் பரவாயில்ல, டீம் இறுகும். ஜனவரில இருந்து கான்ஃபரன்ஸை ஒரு மேட்ச் விடாம ஆடுங்க. சின்ன கான்ஃபரன்ஸ்ல பெரும்பாலும் ஒரே டீமுக்கு தான் இடம், மார்ச்ல கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட்டை ஜெயிச்சா தான் உள்ள, சீசன் முழுக்க ஜெயிச்சுட்டு அந்த ஒரு ராத்திரி தோத்தா வீட்டுக்கு. எந்த மேட்சையும் சிம் பண்ணலாம் (நாம ஆடாம கேமையே முடிக்க விடறது), கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட்டை மட்டும் சிம் பண்ணாதீங்க.

ரீக்ரூட்டிங்ல (புது பசங்களை டீமுக்கு சேர்க்கறது) நட்சத்திரம் பார்த்து ஓடாதீங்க. அஞ்சு ஸ்டார் பையன் உங்க சின்ன ஸ்கூலுக்கு வரவே மாட்டான், அவனை துரத்தின நேரம் பூரா போச்சு. வந்தாலும், 2006 டிராஃப்ட்ல (என்பிஏ டீம்கள் புது ஆட்களை எடுக்கற தேர்வு) இருந்து வந்த ரூல்படி ஒரு வருஷம் ஆடிட்டு என்பிஏக்கு கிளம்பலாம். அந்த காலத்துல ஸ்காலர்ஷிப் 13 தான். ஒரு வருஷத்துக்கு மூணு இல்ல நாலு பேர்னு பிரிச்சு எடுங்க, ஒரே வருஷத்துல ஏழு சீனியர் (கடைசி வருஷ பசங்க) கிளம்பிட்டா டீமே காலி. இந்த சீசன்ல யார் ஜூனியரோ (மூணாம் வருஷம்) அந்த பொசிஷனுக்கு இப்பவே ஆள் தேடுங்க, வர்ற ஃப்ரெஷ்மேன் (முதல் வருஷ பையன்) ஒரு வருஷம் பெஞ்ச்ல இருந்து கத்துக்கிட்டு, சீனியர் போனதும் உள்ள இறங்குவான். மூணாவது நாலாவது சீசன்ல நீங்களே கூட்டிட்டு வந்த பையன் சீனியரா நிக்கிறப்போ, ரெண்டு ஸ்டார்னு எழுதியிருந்தவன் பெரிய ஸ்கூல் கார்டை பந்தை தட்டிக்கிட்டே தாண்டுறப்போ, அந்த சந்தோஷத்துக்கு பேர் எடிட் பண்ணினது, 12 நிமிஷ ஹாஃப் எல்லாம் தகும்.

பாயிண்ட் கார்டுல மட்டும் சமரசம் வேணாம். பந்தை தொலைக்காத கார்டு ஒருத்தன் இருந்தா ஃபுல் கோர்ட் பிரஸ் (கோர்ட் முழுக்க நெருக்குற டிஃபென்ஸ்) போடற பெரிய டீம்கிட்ட கூட தாக்குப்பிடிக்கலாம், 10 செகண்ட்ல பாதி கோர்ட்டை தாண்டணும், இல்லன்னா பந்து அவங்களுக்கு. உயரமான சென்டர் கிடைக்கறது சின்ன ஸ்கூலுக்கு கஷ்டம் தான், அதுக்கு பதிலா ரீபவுண்ட் நல்லா இருக்கற 6 அடி 7 அங்குல ஃபார்வேர்டு ரெண்டு பேரை எடுங்க.

சீசன் முடிஞ்சு அடுத்த வருஷத்துக்கு போறதுக்கு முன்னாடி தனி ஸ்லாட்ல ஒரு சேவ் போட்டுக்கோங்க, அதுக்கு மேல எதையும் எழுதாதீங்க. புது ஃப்ரெஷ்மேன் வந்து ஜெர்சி நம்பரெல்லாம் மாறினதும், போன வருஷம் யாரு எத்தனை பாயிண்ட் போட்டான்னு நிச்சயம் திரும்பிப் பார்க்கத் தோணும்.